மூன்று மாத வாய்ப்பூட்டு

அத்தியாயம் பதினொன்று

ஹாஜறாவுக்கு ஒரு திறமை உண்டு. வீட்டில் நடக்கும் கெட்டதை ஊருக்குத் தெரியாமல் மூடி வைப்பவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். ஹாஜறா நல்லதை மூடி வைப்பாள். மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தால், நிக்காஹ் நாள் குறிக்கும்வரை பக்கத்து வீட்டுக்கு மூச்சுக் காட்டமாட்டாள். புது பிரிட்ஜ் வாங்கினால் இருட்டிய பிறகுதான் அது வேனிலிருந்து இறங்கும். ஏன் இப்படி என்று கேட்டால், கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பாள்.

கண்ணூறு என்றால் அவளுக்கு அவ்வளவு பயம். அந்தப் பயம் இந்த வீட்டை எப்படி ஆட்டி வைக்கிறது என்று முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஹாஜறாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ஜெனூபா, இளையவள் பஸ்மினா. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம் என்கிற ஊர் கல்முனைக்குடி. ஒலுவில் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகும் ஹாஜறாவின் கணவர் முகைதீன்பாவா, வாழ்நாள் உழைப்பை ஒரே வளவுக்குள் இரண்டு வீடாக எழுப்பி முடித்தார். முன்வீடு ஜெனூபாவுக்கு, பின்வீடு பஸ்மினாவுக்கு. மருமகன்மார் இருவரும் வந்து குடியேறினார்கள். ஹாஜறா இரண்டு வீட்டுக்கும் நடுவே நடந்து நடந்தே தேய்கிறாள்.

ஜெனூபாவின் மூன்று மாதக் குழந்தை ஹிமாயா பால் குடிக்கும்போது வேர்க்கிறது. இரண்டு வாய் குடித்ததும் களைத்துப் போகிறது. எடை ஏறவில்லை. போன வாரம் கிளினிக்கில் குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டவர், ஏதோ இரைச்சல் கேட்கிறது, மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் இருதயத்தைப் படம் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டார். ஜெனூபா தெரு முழுக்க அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

இன்றைக்கு அந்தப் பயணம். விடிந்ததிலிருந்து அந்த வளவில் யாரும் யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை.

---

ஹிமாயாவைக் குளிப்பாட்டித் துடைத்தது பஸ்மினாதான். எப்போதும் அவள்தான். குழந்தை பிறந்த நாளிலிருந்து, தாயின் மடியைவிடச் சின்னம்மாவின் தோளில்தான் அது அதிகம் தூங்கியது. குழந்தை கக்கிய பாலைத் தன் சால்வைத் தலைப்பாலேயே துடைத்துக்கொண்டு, அதன் கன்னத்தில், வாயில், விரலில் எல்லாம் முத்தம் வைத்தாள்.

"போய்ட்டு வாங்க செல்லம். டொக்டர் ஒண்டும் இல்லண்டு சொல்லுவா. சின்னம்மா கஞ்சி காச்சி வெச்சிக்கிட்டுப் பாத்துக்கிட்டு இரிப்பன்."

"அவ எங்க கஞ்சி குடிக்கப்போறா?" என்றாள் ஜெனூபா. பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"உங்களுக்குத்தான் ராத்தா. நீங்க குடிச்சா அவ குடிச்ச மாதிரித்தானே."

சொல்லி முடிக்கவில்லை, பஸ்மினா குழந்தையை ஜெனூபாவின் கையில் திணித்துவிட்டு வீட்டின் பின்பக்கம் ஓடினாள். அடுத்த கணம் தண்ணீர் மோட்டர் பெரும் சத்தத்தோடு ஓடத் தொடங்கியது.

தண்ணீர்த் தாங்கி ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் மோட்டர் எதற்கு என்று ஜெனூபாவின் கணவன் சுபியானுக்கு விளங்கவில்லை. சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்கிறவன். தண்ணீர் வீணாய்ப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியாது. ஆனாலும் மாமி போட்ட மோட்டரை மருமகன் போய் நிறுத்துவது மரியாதையில்லை என்று நின்றுகொண்டான்.

பின்பக்கம் ஹாஜறா மகளின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மெதுவா புள்ள. சத்தம் முன்னுக்குக் கேக்கப்போகுது."

பஸ்மினா வாயைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தாள். கண்ணில் நீர் முட்டியிருந்தது. "ராத்தாக்கிட்டயாவது சொல்லட்டா உம்மா? அவ என்ட கூடப்பொறந்தவதானே."

"மூணு மாசம் கழியட்டும். இப்ப ஆருக்கும் சொல்லப்படாது. ஒன்ட மாப்புள்ளக்கும் சொல்லி வெச்சிரிக்கன், வாயத் தொறக்கப்படாதெண்டு."

"ராத்தாட கண்ணுமா படும்?"

ஹாஜறா கொஞ்சம் தயங்கினாள். தயங்கியும் சொன்னாள். "அவட மனம் நொந்து போய்க் கிடக்கு. நொந்த மனிசர்ர கண்ணு நல்லமில்ல மகள்."

பெற்ற மகளின் கண்ணுக்கே பயந்த தாய் அவள். நான் அவளைத் திட்டலாம். நீங்களும் திட்டலாம். ஆனால் பஸ்மினாவின் கலியாணம் முடிந்து வருடம் ஆகப்போகிறது, போகிற வருகிற பெண்களெல்லாம் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்கள் என்பதையும் நினைத்துக்கொண்டு திட்டுங்கள்.

---

கூட்டாளியிடம் கேட்டு வாங்கிய வேனைச் சுபியானே ஓட்டினான். மருதமுனை, பெரியநீலாவணை, களுவாஞ்சிக்குடி என்று ஊர்கள் பின்னால் போயின. ஜெனூபா குழந்தையின் நெஞ்சில் கையை வைத்தபடியே இருந்தாள். உள்ளே இதயம் அடித்துக்கொண்ட வேகம் அவளுடைய உள்ளங்கைக்குத் தெரிந்தது. ஹாஜறா வழி முழுக்க ஸலவாத்து ஓதிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருட்டாக்கிய ஓர் அறைக்குள் குழந்தையைப் படுக்க வைத்தார்கள். குளிர்ந்த பசையை நெஞ்சில் பூசியதும் ஹிமாயா வீறிட்டாள். திரையில் சிவப்பும் நீலமுமாக ஏதோ துடித்தது. டொக்டர் பெண், கண்ணாடி போட்ட, அவசரப்படாத பெண். நீண்ட நேரம் திரையையே பார்த்தாள். ஜெனூபா திரையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இருங்க அம்மா. விளங்கப்படுத்திச் சொல்றன்," என்றாள் டொக்டர். "பிள்ளை வயித்துக்குள்ள இருக்கேக்க, இருதயத்தில இருந்து போற ரெண்டு பெரிய குழாய்க்கும் நடுவில ஒரு சின்ன வழி திறந்திருக்கும். பிறந்த பிறகு அது தானா மூடிக்கொள்ளும். உங்கட பிள்ளைக்கு மூடல்ல."

சுபியான் தொண்டையைச் செருமினான். "வாய்க்கால் மட மூடாத மாதிரியா டொக்டர்? போன தண்ணி திரும்பி மத்த வயலுக்குள்ள பாயிற மாதிரி?"

"ஓம். கிட்டத்தட்ட அப்படித்தான். நுரையீரலுக்கு இரத்தம் கூடுதலாப் போகுது. அதாலதான் மூச்சு வாங்குது, பால் குடிக்கேக்க வேர்க்குது."

"மூடலாமா?"

"மூடலாம். இப்போதைக்கு மருந்து தாறன். பிறகு கொழும்புக்கு அனுப்புவம். அது செய்யக்கூடிய வேலை." டொக்டர் ஒரு சின்ன டோர்ச்சை எடுத்தாள். "எனக்கு வேற ஒரு யோசனை."

குழந்தையின் கண்ணிமையை மெல்லத் திறந்து வெளிச்சம் அடித்தாள். இடது கண்ணின் கருமணிக்குள் பால் துளி மாதிரி ஒரு வெண்மை. ஜெனூபா அதை வீட்டில் பார்த்திருக்கிறாள். லைட் வெளிச்சம் பட்டு அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்ளத்தான் அவளுக்கு ஆசை.

டொக்டர் குழந்தையின் தலைக்குப் பின்னால் கையைத் தட்டினாள். ஹிமாயா திரும்பவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"காதையும் சோதிக்கவேணும்," என்றாள் டொக்டர். "நெஞ்சு, கண்ணு, எடை குறைவு. மூண்டும் சேந்து வந்தா நாங்க ஒரு கேள்வி கேப்பம். வயித்தில பிள்ளை தங்கின புதுசில, முதல் ரெண்டு மூண்டு மாசத்துக்குள்ள, உங்களுக்குக் காய்ச்சலோட மேலில சிவப்புப் புள்ளி, தடிப்பு ஏதும் வந்ததா?"

"இல்ல," என்றாள் ஹாஜறா. கேட்டது மகளிடம். பதில் சொன்னது தாய். சொல்லிக்கொண்டே கை தானாகப் போய் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டது.

ஜெனூபா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்மினாவின் கலியாணக் கிழமை அது. வளவெல்லாம் பந்தல், ஊரெல்லாம் விருந்து. எந்தெந்த ஊரிலிருந்தோ யார் யாரோ வந்து தங்கினார்கள். ஜெனூபா அப்போது முழுகாமல் இருந்தாள். அவளுக்கும் சுபியானுக்கும் உம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். மருதோன்றி பூசிய மறுநாள் காய்ச்சல். காதுக்குப் பின்னால் நெறி கட்டியது. முகத்தில் தொடங்கிய செந்தடிப்பு கழுத்து, நெஞ்சு என்று இறங்கி இரண்டு மூன்று நாளில் இருந்த இடம் தெரியாமல் போனது. டொக்டரிடம் போகட்டுமா என்று கேட்டாள். கலியாண வீட்டிலிருந்து மூத்தவள் டொக்டரிடம் போனால் ஏன், எதற்கு என்று கேட்பார்கள், விஷயம் வெளியே வரும் என்று ஹாஜறா தடுத்துவிட்டாள். கடையில் வாங்கிய மருதோன்றி ஒத்துவரவில்லை என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பினாள்.

"வந்த," என்றாள் ஜெனூபா.

"அது மருதோண்டி டொக்டர்," ஹாஜறா குறுக்கே விழுந்தாள். "கலியாணத்துக்குப் பூசின. ஒத்துவரல்ல."

"மருதோன்றி எங்க பூசினீங்க?"

"கையில," என்றாள் ஜெனூபா.

"தடிப்பு?"

"மொகத்துல."

சுபியான் மாமியைப் பார்த்தான். ஹாஜறா குழந்தையின் காலைப் போர்த்திவிட்டாள். அது ஏற்கெனவே போர்த்தித்தான் இருந்தது.

"ருபெல்லாவா இருக்கலாம்," என்றாள் டொக்டர். "தாய்க்கு அது சின்னக் காய்ச்சல். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வயித்தில இருக்கிற பிள்ளையைத்தான் பிடிக்கும். இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினாத்தான் நிச்சயமாச் சொல்லலாம். நீங்க அதுக்குரிய ஊசி போடல்லையா? பள்ளிக்கூடத்தில போட்டிருப்பாங்க. இல்லாட்டிக் கலியாணம் முடிச்ச உடனே மிட்வைப் மிஸ் வந்து கேட்டிருப்பாவே."

"போட்டாச்சு," என்றாள் ஹாஜறா. முக்காடு இன்னொரு விரல் கீழே வந்தது.

டொக்டர் அவளை மறுத்துப் பேசவில்லை. மருந்து எழுதிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "இன்னொரு விஷயம். இது ருபெல்லா எண்டா, இந்தக் கிருமி பிள்ளையின்ர எச்சில்லயும் சிறுநீரிலயும் மாசக்கணக்கா இருக்கும். ஒரு வருசம்வரைக்கும் இருக்கலாம். மற்ற ஆக்களுக்குப் பெரிய பயமில்ல. ஊசி போடாத பிள்ளைத்தாச்சி ஒருத்தி மட்டும் கிட்ட வரப்படாது. தூக்கப்படாது, துணி தோய்க்கப்படாது. உங்கட வீட்டில பிள்ளைத்தாச்சி ஆரும் இருக்கிறாங்களா?"

"இல்ல டொக்டர்," என்றாள் ஜெனூபா.

அவளுக்குத் தெரிந்த உண்மையை அவள் சொன்னாள்.

ஹாஜறா வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது.

---

திரும்பி வரும் வழியில் கல்லடிப் பாலத்தைத் தாண்டும் முன்பே ஹாஜறா தொடங்கிவிட்டாள். "மருமகன், கொஞ்சம் கெதியாப் போங்களன்."

"போறன் மாமி."

அவள் போனை எடுத்துப் பஸ்மினாவுக்கு அடித்தாள். மணி போய் நின்றது. மறுபடி அடித்தாள். காத்தான்குடித் தெருவின் பேரீச்ச மரங்களைத் தாண்டும்போது மறுபடியும் அடித்தாள். காலையில் கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பார்சல் பிரிக்கப்படாமல் அவள் காலடியில் கிடந்தது.

"இன்னும் கெதியாப் போங்க மகன்."

மருமகனை அவள் 'மகன்' என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. சுபியான் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். வேனை ஓரமாக நிறுத்தினான்.

"என்ன மாமி?"

ஹாஜறா அவன் பக்கம் திரும்பவில்லை. மகளின் முகத்தையும் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பஸ்மினா முழுகாம இரிக்கா."

ஜெனூபாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதைச் சொல்லத்தான் வேண்டும். தங்கைக்குப் பிள்ளை என்றதும் அவள் முகம் ஒரு கணம் விரிந்தது. அடுத்த கணம் காலையில் நடந்தது ஞாபகம் வந்தது: சால்வையில் துடைத்த பால், வாயில் வைத்த முத்தம்.

"அவளுக்கு ஊசி போட்டதா உம்மா?"

ஹாஜறா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்குப் போட்டதா?"

"பள்ளிக்கூடத்துல ஊசி போட வந்த அண்டு, முதல்நாள் போட்ட ஆரோ ஒரு புள்ள மயங்கி விழுந்துட்டாளாம் எண்டு கதைச்சாங்க. நான் ஒங்க ரெண்டு பேரயும் வீட்டுல நிப்பாட்டிட்டன். சின்னதுல போட்டதுகள்ற கார்டையெல்லாம் சுனாமி கொண்டு போய்ட்டு. என்ன போட்ட, என்ன போடல்ல எண்டு எனக்குத் தெரியா."

"மிஸ் வரல்லையா? எனக்குக் கலியாணம் முடிஞ்ச ஒடனே வந்தாவே. நான் குசினிக்குள்ள நிண்டன். நீங்கதான் வாசல்ல நிண்டு கதைச்சிங்க."

"வந்தா."

"என்னத்தச் சொன்னா?"

"ஊசி போடணும், போட்டா ரெண்டு மாசத்துக்குப் புள்ள தங்காமப் பாத்துக்கணும் எண்டா." ஹாஜறாவின் குரல் உடைந்தது. "மருமகன்ட உம்மா வெள்ளிக்கு வெள்ளி வந்து, ஏதும் விசேஷமா ஏதும் விசேஷமா எண்டு கேட்டுக்கிட்டு இரிந்தா. அவவுக்கு நான் என்னண்டு சொல்ற, ரெண்டு மாசம் பொறுங்க எண்டா? மருமகனுக்கு என்னண்டு சொல்ற? மிஸ்ஸிட்ட போட்டாச்சு எண்டுட்டன். பஸ்மினாக்கு வந்து கேட்டப்பயும் அதத்தான் சொன்னன்."

பிள்ளை தங்கினால் மூன்று மாதம் வாயைப் பூட்டி வைத்திருக்கத் தெரிந்த பெண், பிள்ளை தங்கும் முன் இரண்டு மாதம் பொறுக்கத் தெரியாமல் போனாள். அதற்கு அவள் ஒருத்தியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. சுபியானுக்கும் வரவில்லை. திட்டுவதற்காகத் திரும்பியவன், தன் தாயின் வெள்ளிக்கிழமைக் கேள்வியைக் கேட்டதும் மறுபடி ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கேள்விகளின்போது அவனும் பக்கத்தில்தான் இருந்தான். ஒரு நாள்கூட, கேட்காதீங்க உம்மா என்று சொன்னதில்லை.

"எல்லாம் அல்லாஹ்ட நாட்டம் மகள்," என்றாள் ஹாஜறா அழுதுகொண்டே.

"நாட்டம் அல்லாஹ்ட," என்றாள் ஜெனூபா. "பொய் ஒங்கட."

ஹிமாயா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சுபியான் வேனை எடுத்தான். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே கெதியாகப் போனான்.

---

வளவுக்கு வெளியே வேன் நின்றபோது பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. பக்கத்து வீட்டு ஆமினா உம்மா, பள்ளியில் லெப்பையிடம் கொடுத்து ஓதி வாங்கிய தண்ணீர்ப் போத்தலோடு கேற்றடியில் காத்துக்கொண்டிருந்தாள். நல்ல மனுஷி. ஆனால் அவள் காதில் விழுந்தது கடற்கரைப் பள்ளிவாசலைத் தாண்டிப் போகும் என்று ஹாஜறா எப்போதும் சொல்லுவாள்.

பஸ்மினா வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. பாதி வழியில் சால்வையில் துடைத்துக்கொண்டாள்.

"உம்மா, போன் ரூமுக்குள்ள கிடந்த, இப்பதான் பாத்தன். என்ன ராத்தா சொன்னாங்க? ஏன் ஒருத்தரும் கதைக்கிறீங்க இல்ல? தாங்க புள்ளைய, நீங்க களைச்சுப் போய்ட்டீங்க."

இரண்டு கையையும் நீட்டினாள்.

ஜெனூபா ஓரடி பின்னால் நகர்ந்தாள். குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

பஸ்மினாவின் கை அந்தரத்தில் நின்றது. "என்ன ராத்தா?"

"தொடாத பஸ்மி."

"ஏன்? நான் என்ன செஞ்ச?" அவள் முகம் வாடிப்போனது. உம்மா காலையில் சொன்னதை அவள் இப்போது தலைகீழாகப் புரிந்துகொண்டாள். "என்ட கண்ணுபட்டுத்தான் புள்ளக்கு இப்பிடி வந்தெண்டு நினைக்கிறீங்களா?"

சுபியான் தலையைக் குனிந்துகொண்டு வேன் கதவடியில் நின்றான். ஆமினா உம்மா போத்தலைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பஸ்மினா இன்னும் ஓரடி முன்னால் வந்தாள்.

"தொடாத!" என்று கத்தினாள் ஹாஜறா. "நீ முழுகாம இரிக்காய்! புள்ளட எச்சில்ல கிருமி இரிக்காம். வயித்துல இரிக்கிறதுட நெஞ்சப் புடிக்குமாம், கண்ணப் புடிக்குமாம். தொடாத மகள், தொடாத!"

தெருவில் சைக்கிளில் போன ஒருவர் காலூன்றித் திரும்பிப் பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னல் திரை விலகியது. புது பிரிட்ஜைக்கூட இருட்டில் இறக்கிய ஹாஜறா, வீட்டிலிருந்த மிகப் பெரிய இரகசியத்தைப் பட்டப்பகலில் நடுத்தெருவில் கொட்டிவிட்டு, கேற்றைப் பிடித்தபடி மண்ணில் குந்திவிட்டாள். அவள் தலையிலிருந்து முக்காடு விழுந்துகிடந்தது. அதை எடுத்துப் போடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"ஊசி போட்டிருந்தாப் பயமில்லையாம்," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "நான்தான் ஒனக்குப் போட விடல்ல. நான்தான் மிஸ்ஸிட்ட பொய் சொன்ன. ஒன்ட ராத்தாட புள்ளய நான்தான் இப்பிடி ஆக்கின. இப்ப ஒனக்கும்…"

நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ஆமினா உம்மா போத்தலைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

பஸ்மினா அசையாமல் நின்றாள். அவளுடைய ஒரு கை மட்டும் மெல்ல இறங்கி வயிற்றில் போய் நின்றது. ராத்தாவின் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். பிறகு மண்ணில் கிடந்த தாயைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"உம்மா, எழும்புங்க," என்றாள். குரல் நடுங்கவில்லை. "எனக்கு ஊசி போட்டாச்சு."

ஹாஜறா நிமிர்ந்தாள்.

"கலியாணத்துக்குப் பொறகு மிஸ் வந்துட்டுப் போனாவே, அடுத்த கிழம நான் தனியாப் போய்ப் போட்டுட்டன். ஒங்களுக்குச் சொன்னா ஏசுவீங்க எண்டு சொல்லல்ல."

"மெய்யா மகள்?"

"மெய்தான் உம்மா. போட்டாச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் ஆமினா உம்மா சத்தமாக. "இந்தா, பயப்பட ஒண்டுமில்ல. எழும்பு ஹாஜறா." ஹாஜறாவும் அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள். மூழ்கப் போனவள் கையில் கட்டை கிடைத்த மாதிரி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். ஆமினா உம்மா அவளைத் தாங்கி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். சுபியானும் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். போகும்போது அவனும் பெருமூச்சு விட்டான்.

ஜெனூபா போகவில்லை. பஸ்மினா 'போட்டாச்சு' என்று சொன்னபோது, அவள் கை முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டதை ஜெனூபா பார்த்திருந்தாள். அந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாதா?

"பஸ்மி," என்றாள் மெதுவாக. "உண்மையச் சொல்லு. போட்டியா?"

பஸ்மினா உள்ளே பார்த்தாள். கதவு திறந்து கிடந்தது. ஆமினா உம்மா கொடுத்த ஓதின தண்ணீரை ஹாஜறா கதிரையில் இருந்து மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"உம்மாட மொகத்தப் பாருங்க ராத்தா," என்றாள் பஸ்மினா. "நான் வேற என்னத்தச் சொல்ல?"

குழந்தை சிணுங்கத் தொடங்கியது. பஸ்மினாவின் இரண்டு கையும் பழக்கத்தில் முன்னால் நீண்டன. பிறகு அவளே அவற்றைப் பின்னுக்கு இழுத்து, சால்வைக்குள் கட்டிக்கொண்டாள்.